மேற்குப் பக்கத்துப் பெட்டி

2008 ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். மாடியில் கால் வைக்க முடியவில்லை. டவருக்குத் துரு சுரண்டி சிவப்பு பெயிண்ட் அடித்தாயிற்று.

வேலை: ஆண்டனா தேர்வு. கேபிள் டி.வி. மட்டும் இனிப் போதாது. நெட்டும் கொடுக்கப்போகிறோம். ஒயர் இழுக்காமல், காற்றிலேயே. பேத்தி கவிதா இஞ்சினியர். தரையில் படங்களைப் பரப்பிக்கொண்டு விளக்கினாள். அஞ்சாவது படித்த எனக்கு ஏறாது என்று அவளுக்கு நினைப்பு. ஏறியது. எழுதி வைக்கிறேன்.

செக்டர் ஆண்டனா: டியூப் லைட் பெட்டி மாதிரி நீளம், வெள்ளை. ஒரு பக்கம் மட்டும் வீசும், டார்ச் லைட் போல.
2.4 என்று ஒரு அலை. தென்னை மரத்தைக் கொஞ்சம் தாண்டும். லேப்டாப்பெல்லாம் பிடிப்பது இதைத்தான். நெரிசல்.
5.8 இன்னொன்று. வேகம். நடுவில் கோபுரம் வந்தால் அவ்வளவுதான்.
டூயல் பேண்ட்: இரண்டும் ஒரே பெட்டியில். விலை கூட. ஆனால் டவரில் பாரம் பாதி, ஆடிக் காற்றுக்குப் பயமில்லை.

டூயல் பேண்ட்தான், அதில் பேச்சில்லை. தகராறு அகலத்தில். 90 டிகிரிப் பெட்டி மூன்று மாட்டினால் ஊரில் கால் பங்கு இருட்டு. 120 டிகிரி மூன்று என்றால் சுற்றிலும் வெளிச்சம்.

மகன் தனபால் சொன்னான்: "தொண்ணூறு போதும்மா. மேக்கால வுட்டுடலாம். அது சித்தப்பா லைனு."

மேற்கு என்றால் பிள்ளையார்பாளையம். என் கொழுந்தன் முனுசாமி கேபிள் ஓட்டும் இடம். என் வீட்டுக்காரர் செத்த வருஷமே எங்கள் லைனில் பாதியை அறுத்துத் தன் கம்பத்தில் கட்டிக்கொண்டவன். நியாயம் கேட்கப் போன தனபாலை நடுத்தெருவில் செருப்பால் அடித்தான். என் பிள்ளை அடி வாங்கிக்கொண்டு வந்தான். திருப்பி அடிக்காததற்கு நானும் ஒன்று வைத்தேன்.

எழுந்துவிட்டேன். புளி ஊறுகிறது, ரசம் வைக்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். சென்னைக் கடைக்குப் போன். "மேடம், தொண்ணூறு வாங்குங்க. குறுகலா வீசறதால தூரம் போகும்."

"தூரம் வேணாம்பா. சுத்து வேணும்."

120. மூன்று. சொல்லிவிட்டேன். தனபால் தட்டை அப்படியே விட்டு எழுந்துபோனான். கவிதா என்னையே பார்த்தாள். "ஆயா, நீ ஆண்டனா வாங்கல. சண்ட வாங்குற."

ஆமாம் என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

மாட்டியாயிற்று. நேராக நிற்க வைக்கக் கூடாதாம், அலை பக்கத்து வீட்டுத் தலைக்கு மேலே போய்விடுமாம். கொஞ்சம் குனிய வேண்டும். தென்கிழக்கே ஐயம்பேட்டை பார்த்து ஒன்று, வடகிழக்கே ஒன்று. மேற்குப் பெட்டியைக் குனிய வைத்தபோது மட்டும் எனக்கு வயிறு எரிந்தது. முனுசாமிக்குக் கும்பிடு போடுகிற மாதிரி.

பிள்ளையார்பாளையத்தில் இரண்டு பட்டுக்கடை, ஒரு ஜரிகைக் கடை சேர்ந்துவிட்டார்கள். மாவு அரைக்க ஆள் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

முனுசாமி ஆட்கள் கம்பம் கம்பமாக ஏறுகிறார்கள். எங்கள் ஒயரைத் தேடுகிறார்களாம். சந்தேகப்பட்டதெல்லாம் அறுப்பு. டெலிபோன் ஒயர் போயிற்று. அவன் சொந்த ஒயரே இரண்டு இடத்தில் போயிற்று. நெட் மட்டும் நிற்கவில்லை.

டீக்கடையில் அவன் கத்தியது: "ஒயரு இல்லாம எப்டிடா வரும்? பைப்பு இல்லாம கொழாய்ல தண்ணி வருதா? எங்கியோ பொதச்சி இழுத்துக்கினு வந்துக்கிறா அந்தப் பொம்பள."

காலமெல்லாம் ஒயரில் பிழைத்தவன். வேறு எப்படி யோசிப்பான்? வயிறு வலிக்கச் சிரித்தேன். மாலையில் ஜன்னலுக்குக் கல். கவிதா தோளில் கண்ணாடி கிழித்து ரத்தம். மஞ்சள் வைத்துக் கட்டினேன். தெருவுக்கு இறங்கினேன், கடப்பாரையோடு. எவனும் இல்லை.

ஜூன் 19, வியாழன்

சேகர். முனுசாமியின் ஆள். முன்பு எங்களிடம் கம்பம் ஏறியவன், என் கையால் சாப்பிட்டவன். எங்கள் ஒயரைத் தேடப்போய் கரண்ட் ஒயரில் கத்தியை வைத்திருக்கிறான். தூக்கி எறிந்தது. உயிர் இருக்கிறது. வலது கை விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இல்லாத ஒயர்.

தனபால்: "மேக்கால அணச்சிடும்மா." முடியாது என்றேன். சோறு இறங்கவில்லை, ஆனாலும் முடியாது என்றேன்.

ஜூன் 21, சனி

எழுத்துக் கோணல்.

காலை பலகாரம் முடிந்த நேரம். முனுசாமியும் மூன்று தடியன்களும் நேரே மாடிக்கு. தனபால் அங்கேதான் இருந்தான். முட்டிக்காலில் பைப்பால் ஒரு அடி, விழுந்தான். இரண்டு பேர் அவன் வலது கையைத் தொட்டிச் சுவர்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்கள். முனுசாமி கையில் அரிவாள்.

"சேகரு வெரலுக்கு உம் மவன் வெரலு. இல்லன்னா ஒயரக் காட்டு அண்ணி."

வெள்ளைப் பெட்டியைக் காட்டினேன். அதுதான்டா, அதிலிருந்துதான் வருகிறது, உடைத்துக்கொள் என்றேன். சாமி சத்தியமாகச் சொன்னேன்.

"டியூப் லைட்டக் காட்டி ஏமாத்துறியா?"

இறக்கினான். உள்ளங்கையில். தனபால் போட்ட சத்தம், பெற்ற அன்று நான் போட்டது.

டவர் காலிலிருந்து மேற்குச் சுவர் ஆணி வரை, துணி காயப்போடப் பழைய கேபிள் கட்டியிருந்தோம். அப்போது அதில் ஒரு துணிகூட இல்லை. மிச்ச முனை சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

முனுசாமி காலில் விழுந்தேன். "அத மட்டும் அறுக்காதப்பா, அது ஒண்ணுதான் அங்க போவுது" என்று அந்தக் கேபிளைப் பார்த்து அழுதேன். ஆணியோடு நிற்கிறதா, எங்கே போகிறது, அவன் பார்க்கவில்லை. ஓடிப்போய் ஒரே வெட்டு. நான் மாரில் அடித்துக்கொண்டேன்.

அவன் போன் அடித்தது. பிள்ளையார்பாளையத்திலிருந்து அவன் ஆள். அவ்வளவு சத்தமான போன், எனக்கே கேட்டது. "நெட்டு பூட்ச்சிண்ணா."

சிரித்தான். குனிந்து என் முகத்தருகே வந்து, "இத மொதல்லியே காட்டியிருந்தா உம் மவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காதே அண்ணி" என்றான். ஒரு முழம் அறுத்துக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினான்.

கீழே கன்ட்ரோல் ரூமில் கவிதா. நான் மாடியில் கத்தி அழுதது கேட்டு மேற்குப் பெட்டியை அணைத்திருக்கிறாள். ஸ்விட்சில் விரல். எடுக்கவே இல்லை. நான்தான் பிரித்தெடுத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

வானம் மூட்டம். மழை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தனபால் வந்துவிட்டான். விரல்கள் ஐந்தும் இருக்கின்றன. சுண்டு விரல் மடங்கவில்லை. இட்லி ஊட்டினேன், குழந்தை மாதிரி வாயைத் திறந்தான்.

முனுசாமி அந்த ஒயரைக் கடை வாசலில் மாட்டியிருக்கிறானாம். போகிற வருகிறவனிடமெல்லாம், அண்ணி காலில் விழுந்தாள் என்கிறானாம். பட்டுக்கடைக்காரர்கள் போன்மேல் போன். எடுக்கவில்லை.

காலில் விழுந்தது நடிப்பு என்று கவிதாவிடம் சொன்னேன். நடிப்புதான். அவன் கால் தூசி இன்னும் நெற்றியில் இருக்கிற மாதிரி. நேற்றிலிருந்து மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

தனபால்: "அம்மா, அந்தப் பொட்டியத் திருப்பி ஐயம்பேட்ட பக்கம் வெச்சிக்கலாம். எனக்குப் போதும்மா."

அவன் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சரி என்றேன். கவிதா ஸ்பேனரோடு டவரில் ஏறினாள். நான் கீழே நின்றேன். பாதி ஏறியிருப்பாள்.

இறங்கச் சொன்னேன். அணைந்தே கிடக்கட்டும். திருப்ப வேண்டாம். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.