உருண்டை பிடிக்கிற கை

செவ்வாய், ராத்திரி.

மலர் இப்பத்தான் கண் அசந்திருக்கா. மாத்திரை கொடுத்தும் உடம்பு அனலா அடிக்குது. தூக்கம் வராம எழுதுதேன்.

மத்தியானமே எனக்குச் சந்தேகம். பிள்ளை சோறு வேண்டாம்னு சுருண்டு படுத்துட்டா. தொட்டேன், சுட்டுது. கடலைமிட்டாய்ப் பட்டறையில இருந்து சாப்பிட வந்த மலரோட அப்பாகிட்ட சொன்னேன். அவிய கைகூடக் கழுவாம அவ நெத்தியில வச்சுப் பார்த்தாவ.

"சூடே இல்லட்டி. நீ அரிசி களைஞ்ச ஈரக்கையோட தொட்டிருப்ப, அதான் உனக்குச் சுடுது."

நானும் நம்பித் தொலைச்சேன்.

சாயந்திரம் பிள்ளைக்குக் கண்ணு சொருகவும் ஆட்டோ பிடிச்சு ஓடினோம். நூத்தி மூணு. "மத்தியானமே தெரியலையாம்மா?"ன்னு டாக்டரம்மா கேட்டாவ. நான் அவியளைப் பார்த்தேன். அவிய தன் உள்ளங்கையைப் பார்த்தாவ.

விடிஞ்சதில இருந்து கடலை உருண்டை பிடிக்கிற கை அது. பாகு ஆறுறதுக்குள்ள, சூட்டோட சூடா பிடிக்கணும். அந்தக் கைக்கு எந்த நெத்தியும் குளிர்ச்சியாத்தான் தெரியும். இது ஏன் எனக்கு உறைக்கலை? இதுக்கு முன்னாடி எத்தனை தடவை அந்தக் கையை நம்பி...

வீட்டுக்கு வந்ததில இருந்து அவிய பிள்ளையைத் தொடவே இல்லை. "நீயே பார்த்துச் சொல்லுட்டி"ங்காவ. தெர்மாமீட்டர் வச்சேன். நூத்தி ரெண்டு.

இப்ப மலர் தூக்கத்திலயே, "அப்பா, கை வைப்பா"ன்னு முனகினா.

அவிய எந்திரிச்சு அடுப்படிக்குப் போனாவ. வாளித் தண்ணிக்குள்ள ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காவ. இன்னும் எடுக்கலை.