பின்னால் கட்டிய கைகள்

பிப்ரவரி 6, வெள்ளி

மஞ்சள் வளையத்தை இன்று பெட்டிக்கு மாற்றினேன். காலில் மஞ்சள் வளையம் மாட்டிய முப்பத்தைந்து நாள் குஞ்சு. தகப்பன் குருவி பாடுவதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இனி சத்தம் புகாத பெட்டியில் தனி வாசம். தொண்ணூறு நாளுக்குள் பாட்டுக் கேட்காத குருவிக்கு அப்புறம் பாட்டு ஏறுமா என்று பார்ப்பதுதான் மேடத்தின் ஆராய்ச்சி. தினை, தண்ணீர், கூண்டு சுத்தம், குறிப்பு எழுதுவது என் வேலை.

குருவி அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. துணிச் செருப்பு, கைசாடை. இரண்டு விரல் நீட்டினால் தண்ணீர், முஷ்டி என்றால் தினை, உள்ளங்கையைக் கவிழ்த்தால் விளக்கை அணை. பதினொரு வருடப் பழக்கம், வீட்டுக்கும் வந்துவிட்டது. என் மனைவிக்கும் இப்போது அதே சாடைதான். எங்கள் மகள் பட்டாணிக்கு ஒரு வயதிலேயே எல்லாம் அத்துப்படி. இரண்டு விரல் காட்டினால் டம்ளரோடு ஓடி வருவாள். எங்கள் வீட்டில் பிள்ளை இருக்கிறதா என்றே தெரியவில்லை என்கிறார்கள். எனக்குப் பெருமைதான்.

எதிர்வீட்டு அக்கா இன்று மறுபடியும், "பாப்பா ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது, பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குதே" என்றாராம். "அவ அப்பா மாதிரி, அழுத்தக்காரி" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாளாம் மனைவி. இரண்டு பேரும் சிரித்தோம்.

பிப்ரவரி 19, வியாழன்

பள்ளியில் தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடியிருக்கிறார்கள். பட்டாணி மட்டும் மணிக்கு நேர் கீழே உட்கார்ந்து, எல்லாரும் ஓடுவதைக்கூடப் பார்க்காமல், பூனைக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள்.

தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "காதை ஒரு தடவை பார்த்துடுங்க சார்." அவ்வளவுதான் சொன்னார்.

மார்ச் 2, திங்கள்

பிறவியிலேயே கேட்காது. இரண்டு காதும்.

டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அஞ்சு வயசு எட்டு மாசம். இத்தனை நாள் எப்படிங்க தெரியாம போச்சு?"

சொன்னேன். துணிச் செருப்பு, சாடை எல்லாம். "எங்க வேலை பார்க்குறீங்க?" என்றார். குருவி பாட்டு ஆராய்ச்சி என்றேன். அவர் பேனாவை மூடினார். அறைந்திருந்தால்கூடத் தேவலை.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று மைத்துனர் போனில் பெருமூச்சு விட்டார். ஐம்பது எதற்கு? ஐந்தே முக்காலே போதும் போலிருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

மஞ்சள் வளையத்துக்கு அறுபதாம் நாள். பெட்டியைத் திறந்து தண்ணீர் வைத்தேன். அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

ஆபரேஷனில் பட்டாணியின் காதுக்குள் வைத்த கேட்கும் கருவியை இன்று இயக்கினார்கள். காதுக்குப் பின்னால் வட்டமாக ஒன்று ஒட்டியிருக்கிறது. மனைவி அவள் பேரைச் சொல்லி அழைத்தாள். பட்டாணி திடுக்கிட்டு அழுதாள். "கேக்குதுங்க! கேக்குது!" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள் மனைவி. நானும் அழுதேன். கேட்பது வேறு, ஏறுவது வேறு என்பதை நான் அவளுக்கு எப்படிச் சொல்ல?

பேச்சுப் பயிற்சி டீச்சர் கண்டிப்பானவர். "இனிமே வீட்டுல யாரும் கை காட்டக் கூடாது. சாடை இருந்தா பேச்சு வராது. நீங்க ரெண்டு பேரும் கையைப் பின்னாடி கட்டிக்குங்க. பாப்பாவும் கட்டிக்கணும்." கட்டிக்கொண்டு நின்றால் நெற்றியில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர்.

இன்று மூன்று நட்சத்திரம் வாங்கினாள்.

மே 2, சனி

மஞ்சள் வளையத்தை நூற்றிருபதாம் நாளில் நன்றாகப் பாடும் கிழட்டுக் குருவியோடு விட்டோம். கிழம் தொண்டை கிழியப் பாடுகிறது. இது தலையைச் சாய்த்துக் கேட்கிறது. காது நன்றாகத்தான் இருக்கிறது இதற்கு.

மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? வீட்டிலும் ஒரு பெட்டி வைத்திருந்தேன் மேடம் என்றா?

ஜூலை 11, சனி

சண்டை. பட்டாணி இரண்டு விரல் காட்டினாள். "தண்ணீன்னு சொல்லு" என்றாள் மனைவி, கையைப் பின்னால் கட்டியபடி. இவள் மறுபடி இரண்டு விரல். "தண்ணீ. சொல்லு." கால் மணி நேரம். பிள்ளை உதடெல்லாம் காய்ந்து, காலை உதைத்து அழுகிறாள். வாயிலிருந்து வருவது வெறும் காற்று. என்னால் தாங்க முடியவில்லை. டம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"நீங்க இப்படி கொடுத்துக் கொடுத்துத்தான் இந்த நிலைமை. ஊமை வீடு மாதிரி ஆக்கி வச்சதே நீங்கதானே?"

உண்மைதானே. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். ஆமாம், பிள்ளை குடித்துக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினேன். நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எழுதவே கூசுகிறது.

ஜூலை 12, ஞாயிறு

பட்டாணி இன்று தண்ணீர் கேட்கவில்லை. குழாயில் வாயை வைத்துக் குடித்தாள்.

அக்டோபர் 9, வெள்ளி

மஞ்சள் வளையத்தின் கணக்கு முடிந்தது. ஐந்து மாதம் கிழத்தோடு இருந்தும் அதற்கு வந்தது ஒரே கரகரப்பு, தகர டப்பாவை இழுப்பதுபோல. மேடம் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, "கேட்குது, ஆனா ஏறலை. வயசு தாண்டிடுச்சு" என்றார் சந்தோஷமாக. அவர் எதிர்பார்த்த விடை அது.

அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும். மேடம் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றார். முன்னாடி என்பது எது என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 20, புதன்

புது டைரி. பழைய கதைதான்.

பட்டாணி "பா" என்கிறாள். முதன்முதலில் சொன்ன அன்று மனைவி எதிர்வீட்டு அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னைப் பார்த்து "பா". குழாயைப் பார்த்தும் "பா". பூனை, செருப்பு, சுவர், எல்லாம் "பா". சொல்லிவிட்டு நெற்றியை நீட்டுகிறாள், ஸ்டிக்கருக்கு.

மார்ச் 16, செவ்வாய்

மேடம் விசாரித்துக் கொடுத்த முகவரி. காது கேளாத பிள்ளைகளின் பள்ளி. உள்ளே நுழைந்தால் எங்கள் குருவி அறை மாதிரி நிசப்தம், ஆனால் முற்றம் முழுக்கக் கை. நாலு வயசுப் பிள்ளைகள் கையாலேயே சண்டை போடுகிறார்கள், கோள் சொல்கிறார்கள், ஒருத்தி கையால் பொய்கூடச் சொன்னாள் என்று ஆயா சிரித்தார். பட்டாணி என் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அங்கே வாத்தியாருக்கும் காது கேட்காது. தாளில் எழுதிக் காட்டித்தான் பேசினார். பட்டாணியிடம் கையால் என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. நான் எங்கள் கதையை எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு இரண்டே வரி எழுதினார்:

"கைமொழிக்கும் வயது உண்டு. இருந்த கொஞ்சத்தையும் ஏன் கட்டினீர்கள்?"

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். நாங்கள் அலைந்ததோடு நிற்கவில்லை, வெண்ணெயையும் கொட்டிவிட்டோம். தாளை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். மனைவியிடம் காட்டவில்லை.

ஏப்ரல் 4, ஞாயிறு

காட்டினேன். அவள் சமையலறையில் போய் நின்றுகொண்டு, தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 5, சனி

பள்ளியில் சேர்த்து இரண்டு மாதம். சேர்ந்ததிலிருந்து பட்டாணி சுவரோரம் தனியாக நிற்கிறாளாம். "அவசரப்பட வேண்டாம்" என்று எழுதுகிறார் வாத்தியார். அவர் நல்லவர், அதனால் நான் அதை நம்பவில்லை.

இன்று வேலை முடிந்து வந்தேன். வெயில். வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது பட்டாணி எதிரே வந்து நின்றாள். நான் அவளுக்குச் சாடை காட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் கை எனக்கே பழகாத கை மாதிரி இருந்தது. இரண்டு விரலை நீட்டினேன்.

என் விரல்களையே பார்த்தாள். டம்ளர் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மனைவி கதவோரம் நிற்பது எனக்குத் தெரிந்தது.

பட்டாணி மெதுவாக இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். நிமிர்ந்து நின்றாள். பிறகு நெற்றியை என் பக்கம் நீட்டினாள்.