ஒன்பதாவது அடி

உன் மனைவி அனுப்பிய பார்சல் இன்று வந்தது. கோணியைப் பிரித்தால் உள்ளே முழ நீளத் தண்டவாளத் துண்டு. ஒரு முனையில் துளை போட்டு நீ கட்டிய கம்பி அப்படியே இருக்கிறது. சுரங்கத்து கிரீஸ் வாசனையும் போகவில்லை. 'இதை உங்களிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்' என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாள். செத்த பிறகும் என்னை நிம்மதியாக விடமாட்டாயா என்றுதான் முதலில் நினைத்தேன்.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் அந்தக் காலத்தில் பாட்டுக்காரன் என்றால் நான்தான். கல்யாணமா, கூழ் ஊற்றும் திருவிழாவா, ஆளனுப்பி என்னைக் கூப்பிடுவார்கள். சினிமாப் பாட்டை அச்சு அசலாகப் பாடுவேன். உனக்குத் தொண்டையே கிடையாது, மூக்கால் பாடுவாய். சுரங்கத்து மரப்பட்டறையில் உனக்கு வேலை. துரைமார் கிளப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று கிடாரைப் பார்த்துவிட்டு, பெட்டிப் பலகையில் நீயே ஒன்று செய்துகொண்டு வந்தாய். எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

"ஊரான் பாட்ட எத்தினி நாளு பாடறது மச்சான்? நம்ம பாட்ட யாரு பாடுவா?" என்பாய்.

குழாயடிச் சண்டைக்கு ஒரு பாட்டுக் கட்டினாய். கல்யாணமான மறுநாளே நைட் ஷிஃப்ட் விழுந்த மாப்பிள்ளைக்கு ஒன்று. பிள்ளைகள் தெருவில் பாடியபோது பொறுத்துக்கொண்டேன். என் வீட்டு அடுப்படியிலேயே என் பெண்டாட்டி உன் பாட்டை முணுமுணுத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது. அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

பிறகு தகரக் கொட்டகையில் தனியாகக் கச்சேரி வைத்தாய். பட்டறைக் கரியில் நீயே நோட்டீஸ் எழுதி பஜார் முழுக்க ஒட்டினாய். 'எல்லாம் சொந்தப் பாட்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாய். ரிக்கார்டு போடும் கம்பெனி ஆள் ஒருவர் பெங்களூரிலிருந்து கேட்க வருவதாக ஊரே பேசியது. அவருக்குப் பிடித்தால் உனக்குத் தனியாக ஒரு ரிக்கார்டு. பிடிக்காவிட்டால் பட்டறையும் இழைப்புளியும்தான்.

கச்சேரிக்கு முதல் நாள் பகல் சாப்பாட்டு வேளையில் என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டாய். இதே தண்டவாளத் துண்டு உத்தரத்தில் தொங்கியது. சுத்தியலால் மும்மூன்றாக ஒன்பது அடித்தாய்.

"சின்ன வயசுல எங்கயோ கேட்ட தாளம். மொதப் பாட்டு இதுலதான் ஆரம்பிக்குது. எப்டிகீது?"

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் வாயில் மணி அடிப்பது என் வேலை. எத்தனை அடி என்பதை வைத்துத்தான் இன்ஜின் டிரைவர் ஆட்கள் நிற்கும் கேஜை ஏற்றுவார், இறக்குவார். மும்மூன்றாக ஒன்பது என்றால் எங்கள் ஷாஃப்டில் கீழே விபத்து என்று அர்த்தம். கீழே இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் அது தெரியும். மேலேயே வேலை செய்யும் உனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஷோக்காகீதுபா. திரை தூக்கறதுக்கு முன்னாடியே அடி. இன்னும் பலமா அடி," என்றேன்.

தெரியாமல் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கே கதை சொல்லிப் பார்த்தேன். இல்லை, தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் ஞாயிறு சாயங்காலம், மூடிய திரைக்குப் பின்னாலிருந்து ஒன்பது அடி விழுந்தது. ஆண்கள் யோசிக்கவே இல்லை, எழுந்து ஓடினார்கள். அவர்கள் ஓடியதைப் பார்த்துப் பெண்கள் ஓடினார்கள். என் பெண்டாட்டியின் தம்பி அன்று செகண்ட் ஷிஃப்டில் கீழே இருந்தான். அவள் செருப்பில்லாமல் ஜல்லிமேல் ஓடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறாள். நான் சொல்லித்தான் நீ அடித்தாய் என்பது அவளுக்குத் தெரியாது.

ஷாஃப்ட் வாசலில் ஒன்றுமில்லை என்று தெரிந்து கூட்டம் திட்டிக்கொண்டே திரும்பியபோது, நீ காலிக் கொட்டகையில் அந்தப் பாட்டை முடித்துவிட்டிருந்தாய். கேட்டவர் அந்தப் பெங்களூர்க்காரர் ஒருவர்தான். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "ஊரையே எழுப்பி ஓடவைக்கிற மணி. இதை ரிக்கார்டில் போடலாம்," என்றாராம். உன்னைக் கவிழ்க்கத் தோண்டிய குழியில் நீ தங்கம் எடுத்தாய்!

திங்கட்கிழமை நீ வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாய். என் வீட்டுக்கும் வந்தாய். என் பெண்டாட்டி உன் முகத்துக்கு நேரே மண்ணை வாரித் தூற்றினாள். நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ரிக்கார்டுக்கு மணி அடிக்க என்னையே பெங்களூருக்குக் கூட்டிப்போனாய். சுத்தியலைக் கையில் கொடுத்து, ரிக்கார்டு எடுக்கும் கண்ணாடி அறையில் என் காதோடு சொன்னாய்: "எட்டோட நிறுத்திடு மச்சான். ஒம்பதாவது உங்கிட்டயே இருக்கட்டும்."

அப்போதுதான் உனக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. திட்டியிருந்தால், அறைந்திருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். நீ சிரித்துவிட்டுப் பாடப் போய்விட்டாய்.

மஞ்சள் காமாலையில் நீ போனபோது, பாடையைத் தூக்கியவர்கள் உன் பாட்டையே பாடிக்கொண்டு போனார்கள். பின்னால் நடந்துகொண்டே, எனக்கு எவன் பாடுவான் என்றுதான் நினைத்தேன். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

இன்று தண்டவாளத்தை வாசல் நிலையின் மேல் ஆணியில் மாட்டி மெதுவாக அடித்துப் பார்த்தேன். எட்டில் கை நின்றது. அடுப்படியிலிருந்து என் பெண்டாட்டி நொண்டிக்கொண்டே வந்து பார்த்தாள்.

"இன்னாங்க, அந்தப் பாவி அடிச்ச மணிதான இது? யாரு பேச்சக் கேட்டு அடிச்சானோ!"

சொல்ல வாயெடுத்தேன். சொல்லிவிட்டால் அவளும் உன்னை நல்லவன் என்பாள். இந்த ஊரில் உன்னைத் திட்ட மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.

"ஆமா, அவன்தான்," என்றேன்.