சிரித்தவர்களுக்குக் கேட்காதது

அன்புத் தம்பிக்கு,

கப்பல் வேலை எப்படிப் போகிறது? நடுக்குவாதம் வருவதைக் கை நடுங்கும் முன்பே குரலை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி என்று உனக்குத் தெரியும். காசிமேட்டில் பதிவு செய்த குரல் ஒன்றை நேற்று துறைக் கூட்டத்தில் போட்டேன். யாருடையது என்று சொல்லவில்லை.

"எனுக்கு இன்னாமா, நல்லாத்தான் கீறேன். கடலுக்குப் போய்க்கினுதான் கீறேன்."

அரங்கமே சிரித்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இந்த லோக்கல் பாஷையெல்லாம் எதுக்கும்மா? சுத்தமா பேசறவங்களா பார்த்து எடுங்க" என்றார்.

நரம்பு நோய் படித்த அத்தனை பேரில் ஒருவருக்கும் அந்தக் குரல் போகப் போகத் தேய்ந்தது, அந்த நோயின் முதல் அடையாளம், கேட்கவில்லை.

"அது எங்க நைனா சார்" என்றேன்.

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். வேறு யாருடைய அப்பாவாக இருந்தால் சிரிக்கலாம் போலிருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இனி அவரிடம் போகமாட்டேன், வேறு வழிகாட்டி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் சிரித்ததை நைனாவிடம் சொல்லப்போவதில்லை. மற்றதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. லீவு கேட்டு வா.

உன் அக்கா