விலை போட்ட பக்கம்

அண்ணா,

ஆமாம், போட்டுவிட்டேன். நாற்காலிக்குப் புது மெத்தை தைக்க எவ்வளவு, சோபாவுக்கு ஸ்பிரிங் மாற்ற எவ்வளவு, எல்லாம் நம் இணையதளத்தில் இருக்கின்றன. "விலைக்கு அழைக்கவும்" என்று நீ எழுதிய வரியை எடுத்துவிட்டேன்.

"விலையைப் போட்டா எதிர்க்கடைக்காரன் அம்பது குறைச்சுப் போடுவான். அப்புறம் நீ ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று சொல்லிக் கடைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். நான் விலை போட்ட மறுநாளே அவன் குறைத்தான். ஒன்பது நாள் ஈ ஓட்டினேன். நீ சொன்னதில் பொய்யில்லை.

பத்தாம் நாள் ஓர் அம்மா நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்தார். நான் பேசப் பேச என் உதட்டையே பார்த்தார். பிறகு கைப்பேசியில் தட்டி நீட்டினார்: "எனக்குக் காது கேக்காது. மூணு வருஷமா எல்லாக் கடையும் போன் பண்ணுங்கன்னே போட்டிருக்கு."

மனசு கேட்கவில்லை. நானும் தட்டினேன்: "எதிர்க்கடையில அம்பது கம்மிங்க."

"தெரியும்மா. அவங்க உன்னைப் பார்த்து விலை போட்டவங்கதானே."

மூன்று வருடமாக நாமும் அவரைப் போன் பண்ணத்தான் சொல்லியிருக்கிறோம், அண்ணா.

இந்த வாரம் அவருடைய தோழிகள் ஆறு பேர் வந்தார்கள். கடை முழுக்க நாற்காலி, நான் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். கர்வம்தான், மறைக்கவில்லை. நீ போய்ச் சேர்ந்த ஷோரூம் வேலை நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். தைக்க இரண்டு கை போதவில்லை. அதற்காக இதை எழுதவில்லை.

உன் தங்கை

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, அண்ணாவின் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.