ஒரு கட்டம் கீழே இறங்கிய ‘அமரர்’

மதினி,

இன்று காலையும் அந்தப் பாழாய்ப்போன எச்சரிக்கைப் பெட்டி வந்து நின்றது. நம் கடைத் திரையில் இல்லை, கெங்குவார்பட்டிக்காரர் ஒருவரின் செல்போனில். நீங்கள் இருந்தபோது அடித்துக்கொடுத்த வாய்க்கால் மனுவைப் பென் டிரைவில் போட்டு ஏதோ ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கிருந்த பழைய கணினி, ‘இந்தக் கோப்பைத் திறக்க முடியாது’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. அதை அப்படியே படம்பிடித்து வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“ஒங்க மதினி அடிச்சுக் குடுத்ததுதான? அவுக இருந்தா அவுககிட்டயே கேட்டுருப்பேன்.”

நானும்தான் கேட்டிருப்பேன். நன்றாகக் கேட்டிருப்பேன்.

நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து, நாம் இருவரும் சேர்ந்து தேனி கடைவீதியில் இந்த டி.டி.பி. கடையைப் போட்டபோது இந்தத் தலைவலி கிடையாது. எல்லாரும் வைத்திருந்த மென்பொருளின் ஓசிக் காப்பிதான் நம்மிடமும் இருந்தது. ஒரு நாள் அது லைசென்ஸ் சாவி கேட்டது. நம்மிடம் ஏது சாவி? பத்திரம், மனு, பத்திரிகை எல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ள, கடை வாசலில் ஆட்கள் நின்று சத்தம் போட்டார்கள். அன்றைக்கு நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அதோடு மாறிவிட்டீர்கள். இலவச மென்பொருள், எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத அந்த ஓபன் ஃபார்மட். “இனிமே எவனும் நம்ம எழுத்துக்குப் பூட்டுப் போட முடியாது புள்ள” என்றீர்கள். நல்ல விஷயம்தான், யார் இல்லையென்றது? ஆனால் ஊரில் இருக்கிற கணினிகளெல்லாம் அதற்குள் மாறிவிட்டனவா? ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், வெயிலில் இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்து, “அங்கன தொறக்க மாட்டேங்குதும்மா” என்று நின்றாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் அசரக்கூட இல்லை. “அவுக கம்ப்யூட்டர் பழசுன்னா நான் என்னண்ணே செய்ய? அவுகள மாத்தச் சொல்லுங்க.” அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் உங்களுக்குத் தெரியாமல் ஃபைலைப் பழைய வகைக்கு மாற்றிக் கொடுத்தனுப்பினேன். உங்களுக்குத் தெரியாமல் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது, “கள்ளச் சாவி போட்டுட்டியாக்கும்” என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. உங்கள் மகள் கல்யாணத்தில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கயலுக்குப் பத்திரிகை அடிக்க, உங்கள் ஃபைலைத்தான் எடுத்தேன். வேறு யாருடைய அமைப்பில் அடிப்பேன்? நீங்கள் பெயர்களைச் சும்மா அடிக்க மாட்டீர்களே. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம் போடுவீர்கள். இடப்பக்கக் கட்டத்தில் திரு, திருமதி, அமரர். வலப்பக்கக் கட்டத்தில் பெயர். “சொந்தக்காரக வரிசையா நின்னாத்தான் சண்டை வராது” என்பீர்கள். அந்தக் கட்டங்களில் அண்ணன் பெயரைப் போட்டேன். அடுத்து உங்கள் பெயர். இடப்பக்கத்தில் ‘அமரர்’ என்று அடிப்பதற்குள் எழுந்துபோய் இரண்டு தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்குக் கீழே தாய்மாமன், உங்கள் தம்பி.

போடி அச்சகத்தில் இருப்பது கிழட்டுக் கணினி. அதற்கு உங்கள் வகை ஆகாது என்று தெரிந்து பழைய வகையில் சேமித்தேன். என் திரையில் சரியாக இருந்தது. தாளில் எடுத்துப் பார்த்தேன், அதிலும் சரி. அண்ணனும் பார்த்துத் தலையாட்டினார். அனுப்பினேன். அங்கே திறந்தது. அதுதான் வினை. திறக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருப்போம்.

அந்தப் பழைய மென்பொருளுக்கு உங்கள் கட்டங்கள் பிடிபடவில்லை. இடப்பக்க வரிசையின் தலையில் ஒரு வெற்றுக் கட்டத்தைச் செருகி, மற்ற எல்லாவற்றையும் ஒரு படி கீழே தள்ளிவிட்டது. அண்ணன் பெயருக்கு முன்னால் ஒன்றுமில்லை. அவருடைய ‘திரு’ உங்களுக்கு வந்துவிட்டது. உங்களுடைய ‘அமரர்’, குத்துக்கல் மாதிரி இருக்கிற உங்கள் தம்பி தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு என்பதுதானே வழக்கம். அண்ணன் பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு அச்சகத்திலிருந்து நேரே குலசாமி கோயிலுக்குப் போய், அங்கிருந்து நேரே ஜெயமங்கலத்தில் உங்கள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். வழியில் யார் வாசித்தது? சாமி வாசித்திருக்கும், சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணனிடமிருந்து போன். பின்னால் உங்கள் தம்பி மனைவியின் குரல்தான் கேட்டது. “எந் தாலிய அறுக்கவா பத்திரிகை அடிச்சீக?” உங்கள் தம்பி பத்திரிகையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

வீட்டில் கயல் ஒரே அழுகை. “மாமா வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகலேன்னா நான் மணவறையில ஏற மாட்டேன் அத்தை.” அவள் சொல்வதிலும் தப்பில்லை. தாய் இல்லை. தாய் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டிய ஆள் அந்த ஒருவர்தான். அன்றைக்கு உங்களைத் திட்டியதுபோல் நீங்கள் உயிரோடு இருந்தபோதுகூட நான் திட்டியதில்லை. ‘என்ன பெரிய கட்டம்! ஒரே கோட்டில் பேரை அடித்தால் குறைந்தா போய்விடும்? போயும் போய் உங்கள் மகள் பத்திரிகையிலா இந்தக் கூத்து?’ என்று உங்கள் நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன்.

மறுநாள் உங்கள் தம்பியே கடைக்கு வந்துவிட்டார். கையில் அந்தப் பத்திரிகை. காலில் விழுவதா, பேசுவதா என்று தெரியாமல் நின்றேன்.

“எப்புடி ஆத்தா ஆச்சு?”

கணினியைத் திருப்பி உங்கள் ஃபைலைக் காட்டினேன். இங்கே சரியாக இருப்பதையும், அங்கே ஒரு கட்டம் இறங்கிவிட்டதையும் விளக்கினேன். அவர் திரையைப் பார்த்தார். உங்கள் பெயருக்கு முன்னால் இருந்ததை வாசித்தார். பிறகு கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார்.

“இதுல எங்கக்கா உசுரோட நல்லாத்தான இருக்கு” என்றார்.

நான் திரையை என் பக்கமே திருப்பிக்கொண்டேன்.

“மத்ததெல்லாம் மாத்தி அடிச்சிருங்க. இது ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும். வீட்ல மட்டும் சொல்லிறாதீக, அவ ஒப்பாரி வச்சிருவா.”

“கல்யாணத்துக்கு…” என்று இழுத்தேன்.

“எம் மருமகளக் கூட்டிட்டுப் போக நான் வராமயா? செத்தவன் வரக் கூடாதுன்னு இதுல எங்கனயாச்சும் போட்டுருக்கா?” என்றார். பத்திரிகையை மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். கல்யாணத்தன்று கயலை மணவறைக்குக் கைபிடித்து அழைத்துவந்தவர் அவர்தான். அப்போதும் அவருடைய சட்டைக்குள் ஒரு தாள் துருத்திக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

கெங்குவார்பட்டிக்காரரின் மனுவைப் பழைய வகையில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் எல்லாவற்றையும் இரண்டு விதமாகத்தான் சேமிக்கிறேன். உங்களுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. இரட்டை வேலை. அந்த நாளில் பூட்டிக்கொண்ட ஃபைல்கள் இன்று வரை திறக்கவில்லை, உங்களுடையவை ஒன்றுவிடாமல் திறக்கின்றன. சரி, அதில் நீங்கள் ஜெயித்தீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை உங்கள் முகத்துக்கு நேரே ஒத்துக்கொண்டு, அடுத்த நிமிடமே வேறொன்றுக்குச் சண்டை பிடிக்க நீங்கள் இல்லையே மதினி. எனக்கு எரிச்சலெல்லாம் அதில்தான்.