தண்ணீர் ஊற்றி வைத்த சோறு

பீர்க்கன்கரணை
12.3.2006

என் அப்புக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். ஐந்தாவதோடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், கேலி செய்யாதே. வெள்ளிக்கிழமை, நீ எங்களை விட்டுப் போன நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்தோம். தெருவில் எல்லோருக்கும் நெய்ச்சோறு கொடுத்தோம். உன் தங்கை மெஹ்னாஸ்தான் ஒரு பிடி சாப்பிடவில்லை.

நேற்று உன் தயாரிப்பாளர் முனிரத்தினம் சார் கார் அனுப்பி, எங்கள் இருவரையும் வடபழனிக்குக் கூப்பிட்டு நீ எடுத்த படத்தைக் காட்டினார். நீ மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே வேறு ஆளை வைத்து முடித்துவிட்டார்களாம்.

தாம்பரம் ஸ்டேஷனில் மகன் ரயிலேறுவது, அந்த அம்மா நம் வீட்டு டிபன் கேரியரோடு நிற்பது எல்லாம் நீ எடுத்தபடியே இருந்தது. நடுவில் திடீரென்று பனிமலையில் ஒரு பாட்டு. அந்தப் பெண் யார், எதற்கு ஆடினாள், எனக்குப் புரியவில்லை.

கடைசிக் காட்சியைத்தான் சொல்ல வேண்டும். நீ உதவி டைரக்டராக அலைந்த வருஷங்களில், நீ வராத ராத்திரி உன் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நானே சாப்பிடுவேன். உனக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அதையே படத்தின் முடிவாக வைத்திருந்தாய். மகன் வரவே மாட்டான், அவள் அந்தச் சோற்றைச் சாப்பிடுவாள், அவ்வளவுதான். "அம்மாக்காரி பழைய சோறு துன்றத பாக்க எவன்யா டிக்கெட் எடுப்பான்?" என்று சார் கத்தினாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தது ஞாபகம் இருக்கிறது.

இப்போது மகன் காரில் வந்து இறங்குகிறான். அம்மா ஊட்டிவிடுகிறாள்.

"அண்ணன் படத்த கொன்னுட்டாங்கம்மா" என்று மெஹ்னாஸ் தியேட்டர் வாசலிலேயே அழுதாள். சாரும் தலையைத் தூக்கவில்லை. "இன்னா பண்றதும்மா, வட்டிக்கு வாங்கிப் போட்ட பணம். முடிவ மாத்துனாத்தான் படத்த வாங்குவோம்னு டிஸ்ட்ரிபியூட்டருங்க சொல்லிட்டானுங்க" என்றார். ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டால் 'இயக்கம்: அஃப்தாப்' என்று உன் பேர் வருமாம். போடாவிட்டால் அந்த வேறு ஆளின் பேர். நாளைக்குக் காகிதத்தை வாங்க ஆள் வருகிறான்.

முடிவை மாற்றினால் என் பேரை எடுத்துடச் சொல்லும்மா என்று கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்துச் சொன்னாய். நானும் சரி என்றேன். மெஹ்னாஸும் போடாதே என்கிறாள்.

அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அந்தப் பையன் வாசலில் நின்று அம்மா என்று கூப்பிட்டபோது, நான் தியேட்டரில் எழுந்து நின்றுவிட்டேன். முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை. கெட்டுப்போன படம் என்று தெரிந்தும், அதை மட்டும் இன்னொரு தடவை போடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

நேற்றும் பழக்கத்தில் உனக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டேன். இன்று காலை தண்ணீர் ஊற்றியதை நானே சாப்பிட்டேன். நீ எடுத்ததுதான் நிஜம், கண்ணு. அல்லாஹ் நீ உறங்குகிற கபுரை வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

உன் அம்மா பஷீரா கேட்கிறேன், மகன் வீடு வந்து சேருகிற படத்தில் உன் பேர் வேண்டாம் என்று நான் எப்படியடா சொல்வேன்?